நயினாதீவுக்குப் போய்வந்த பவர் பேங்க்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்த அதிகாரி, உள்ளே கிடந்த கறுப்புச் சாமானை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் என்றேன். போனுக்கு ஏற்றுவதை அவரே வைத்திருக்கிறாராம். அது சட்டைப்பைக்குள் போகும், இது ஏன் செங்கல் கனம் இருக்கிறது என்று கேட்டார். லேப்டாப்பின் பசி பெரிது என்று விளக்கினேன். விமானத்தில் கொண்டுபோக அனுமதிக்கும் அளவுக்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் இதன் கொள்ளளவு. அந்த எண்ணை அச்சிட்டவர்கள் யாரும் படித்துவிடக் கூடாது என்று தீர்மானித்திருந்தார்கள். அதிகாரி தன் போனால் படம் பிடித்து, பெரிதாக்கிப் படித்து, "சரி, கொண்டுபோங்கோ" என்றார்.

நான் திருச்சியில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். மிக்ஸி, கீசர், மின்விசிறி வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று வரும். அதில் யாரும் படிக்காத ஒரு தமிழ் இருக்கும். அதை எழுதுவது நான்தான். அதே நிறுவனத்துக்கு இலங்கையின் நெடுந்தீவிலிருந்து எழுதுகிறவள் வதனி. வருடக்கணக்காகச் செய்திகளில் மட்டும் பழக்கம். கூலிக்கு எழுதிக்கொண்டிருந்த அவளுக்கு அங்கேயே மாதச் சம்பள வேலை ஒன்று தகைந்து வந்தது. கணினி வழியாக, கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மணி நேரப் பரீட்சை. எங்கிருந்து வேலை செய்வாளோ அங்கிருந்தேதான் எழுத வேண்டும். பதிவுசெய்த லேப்டாப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நெடுந்தீவில் மின்சாரம் இருக்கிறது, சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதுதான் சிக்கல். அவளுடைய லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் கண் சிமிட்டினால் திரையும் மூடிக்கொள்ளும். பரீட்சை நடுவில் அப்படி மூடினால் மறுபடி திறக்க விடமாட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஏற்கனவே சொல்லிவிட்டார்: வேலை கிடைத்தால் தீவில் இரு, இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து என் கடைக் கல்லாவில் உட்கார். கல்லாவில் உட்காருவது என்றால் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் சமைப்பதும் சேர்த்துத்தான் என்று வதனி எனக்கு எழுதியிருந்தாள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் அவள் விசாரித்த இடத்திலெல்லாம் போனுக்கு ஏற்றுவதுதான் இருந்ததாம். நயினாதீவு அம்மன் குங்குமம் வேண்டும் என்று என் மனைவி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்புக்கு ஏற்றுவதை வாங்கிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் என்னை எதிர்கொண்டவர் வதனியின் அக்கா கணவர் தவராசா. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அதாவது நம் ஊரில் கிளார்க். இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவது என்று முடிவெடுத்திருந்தார். நான் தமிழில் பதில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் ஊக்கம் பெற்றார். ஒரு கடையில் மாலைத் தேநீருக்கு நிறுத்தினார். பாலில்லாத கறுப்புத் தேநீர், கூடவே வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பன். திருச்சியில் பால் இல்லாமல் தேநீர் கொடுத்தால் கடன்காரனைப் பார்ப்பது போல் பார்ப்போம். இங்கே அதற்கு இஞ்சி தட்டிப் போட்டு மரியாதை செய்திருந்தார்கள். இரண்டாவது கோப்பை நானே கேட்டு வாங்கினேன்.

இரவு புட்டும் நண்டுக் கறியும். சாப்பிடும்போதுதான் தவராசா ஆங்கிலத்தை விட்டு இறங்கி வந்தார். "ஐயா, நான் கொழும்பு மச்சானுக்கு வாக்குக் குடுத்திட்டன். சோதினை சரிவரேல்லையெண்டால் நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கொழும்பு பஸ்ஸில ஏத்திவிடுறன் எண்டு. தனிய ஒரு பொம்பிளை அங்க கிடந்து என்ன செய்யிறது?" சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு நண்டுக் கால் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நண்டு பிரமாதமாக இருந்தது. கோபத்தையும் நண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

பவர் பேங்கை அவர் வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றினோம். அதன் நெற்றியில் நான்கு விளக்குகள். நான்கும் எரியும்வரை தவராசா ஒரு கதிரையைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். பால் பொங்குவதைப் பார்க்கிறவர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, குறிகட்டுவான் துறைக்குப் பஸ் ஏறினோம். புங்குடுதீவுக்குப் போகும் கடல்வழிப் பாதையின் நட்டநடுவில் பஸ்ஸின் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், நடுவில் நாங்கள். நம் ஊரில் என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்லி ஓட்டுநரை அழவைத்திருப்போம். இங்கே எல்லோரும் இறங்கி, பஸ்ஸின் நிழலில் வரிசையாக நின்று, யாருக்குக் கனடாவில் என்ன வேலை என்று பேசத் தொடங்கினார்கள். டயர் மாற்றி முடிந்தபோது கனடாவில் பாதிப் பேருக்கு என்ன சம்பளம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துறையை அடைந்தபோது நெடுந்தீவுப் படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அடுத்தது பின்னேரம்தான்.

தவராசா சற்றும் வருந்தவில்லை. அம்மாள் கூப்பிடுகிறாள் என்றார். நயினாதீவுப் படகு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எனக்கும் குங்குமக் கடமை இருந்தது. ஏறிவிட்டோம்.

படகில் பாதிப் பேர் புத்த விகாரைக்குப் போகும் தெற்கத்திச் சனம், பாதிப் பேர் கோயிலுக்குப் போகும் எங்கள் வகை. எதிரில் இருந்த சிங்களப் பெண் தன் கணவரிடம் ஏதோ சொல்ல, அவர்கள் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "உங்கட மடியில இருக்கிறது குண்டோ எண்டு அம்மா கேக்கிறா." நான் விளக்கினேன். அந்தம்மா சிரித்துவிட்டு, எனக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்.

கோயில் வாசலில்தான் வினை தொடங்கியது. தீவுகளில் மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ வாங்கினால், ஓட்டுவதற்கு முன் நயினாதீவு அம்மனிடம் காட்டியாக வேண்டும். வண்டியைப் படகில் ஏற்றுவது பெரும்பாடு என்பதால் திறப்பை மட்டும் கொண்டுவந்து அர்ச்சனைத் தட்டில் வைப்பார்கள். திறப்பு என்றால் சாவி. தவராசா என் பையைக் கைகாட்டி, மெதுவாகக் கேட்டார்.

"உதுக்குத் திறப்பு இருக்கோ?"

இதற்குச் சாவி இல்லை, இது வண்டியே இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். ஓடுகிற சாமானோ, ஓட வைக்கிற சாமானோ, அம்மாளுக்குக் காட்டாமல் பாவிக்கிற வழக்கம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, பவர் பேங்கையே தூக்கி, வெற்றிலை, பாக்கு, தேங்காய்க்கு நடுவில் தட்டில் வைத்தார். அர்ச்சனை வதனியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நடந்தது. குருக்கள் தட்டைப் பார்த்துக் கண் இமைக்கக்கூட இல்லை. அதற்கு முன் என்னவெல்லாம் அந்தத் தட்டில் வந்திருக்குமோ. நீரில் நனைக்காதீர்கள், வெப்பத்தில் வைக்காதீர்கள் என்று இதே வகைச் சாமானுக்கு நான் எழுதிய எச்சரிக்கைகளை நினைத்துக்கொண்டே கும்பிட்டேன். பூசைத் தட்டில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி எந்த நிறுவனமும் கேட்டதில்லை.

அன்னதானத்தில் சோறும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும். அதைச் சாப்பிட்டு நான் கை கழுவப் போன நேரத்தில்தான் அது நடந்தது. திரும்பி வந்தபோது தவராசா பவர் பேங்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து முடித்து, மேலே குங்குமம் தொட்டுக்கொண்டிருந்தார். லாரிக்கு எப்படி முன்பக்கம் நடுவில் வைப்போமோ அப்படி. அந்தச் சாமானுக்கு முன்பக்கம் நடுவில் இருப்பது ஒரு துளை. கரண்டை உள்ளே வாங்குவதும் அதுதான், லேப்டாப்புக்கு வெளியே கொடுப்பதும் அதுதான். பக்கத்தில் இருக்கும் மற்ற இரண்டு துளைகள் போனுக்கு. தவராசா விரலால் நன்றாக அழுத்தி, சந்தனம் உதிராதபடி வைத்திருந்தார். பார்க்கக் களையாகத்தான் இருந்தது. நான் அதன் ஆபத்தை அப்போது உணரவில்லை. மனைவிக்குக் குங்குமம் வாங்கும் அவசரத்தில் இருந்தேன்.

பின்னேரம் குறிகட்டுவானுக்குத் திரும்பி ஏறிய நெடுந்தீவுப் படகில் ஒரு பெண், போனில் சார்ஜ் இல்லை, கொஞ்சம் போடலாமோ என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தவராசா வாங்கிச் செருகிவிட்டார். கோயிலுக்குப் போய் வந்த சாமானில் இல்லை என்று சொல்லக் கூடாதாம். அடுத்து ஒரு ஆசிரியர், அடுத்து படகுக்காரர். சோறு போட்ட கோயிலிலிருந்து வந்து நாங்கள் கடல் நடுவில் கரண்ட் போட்டுக்கொண்டிருந்தோம். கரை தெரிந்தபோது நான்கு விளக்கில் இரண்டுதான் எரிந்தன.

நெடுந்தீவில் குதிரை பார்த்தாயா, ஊர் சுற்ற வருகிறவர்கள் தேடிப் போகும் அந்தப் பெரிய மரத்தைப் பார்த்தாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நான் பார்த்தது வதனியின் மேசையை. கடற்கல் மதிலுக்குள் ஓட்டு வீடு, முன்னறையில் ஒரு மேசை, அதில் லேப்டாப், பக்கத்தில் அகராதிகள். செய்திகளில் வாயாடி, நேரில், வாங்கோ அண்ணை என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டாள். சாமானைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. சந்தனத்தைப் பார்த்ததும் மெல்ல வாடியது.

வயரைச் செருகினோம். உள்ளே போகவில்லை. சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு போல் இறுகியிருந்தது. உலோகப் பொருள்களை நுழைக்காதீர்கள் என்ற என் சொந்த வரி எனக்கே ஞாபகம் வர, வதனி எடுத்த ஊசியை வேண்டாம் என்றேன். ஈர்க்குக் குச்சியைச் சீவிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். பாதி வந்தது. பிறகு வயர் நுழைந்தது. ஆனால் ஒரு கோணத்தில் சாய்த்து அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தோம், அகராதியைப் பாரமாக வைத்துப் பார்த்தோம். நல்ல கனமான அகராதிதான், பயனில்லை. கடைசியில் தவராசாவின் கட்டைவிரல் வைத்தபோது மட்டும் விளக்கு எரிந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. என்னிடம் ஆங்கிலத்தில் ஸாரி என்றார், வதனியின் பக்கம் திரும்பாமல் விரலை இன்னும் அழுத்தினார். அன்று கரண்ட் இருந்தது. நான்கு விளக்கும் எரியும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

காலையில் பரீட்சைக்குச் சற்று முன்னால் மின்விசிறி மெதுவாகி நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. இணையம் வதனியின் போனிலிருந்து வந்தது. லேப்டாப் பவர் பேங்கில் ஓடிக்கொண்டிருந்தது, பவர் பேங்க் தவராசாவின் விரலில் ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. அதனால் அவர் மேசைக்கு அடியில் இருந்தார். வதனிக்கு இது பிடிக்கவில்லை. முந்தைய இரவே வேண்டாம் என்றாள், வேறு வழியும் சொல்ல முடியவில்லை. நான் சமையலறை வாசலில், கேமராவுக்கு எட்டாத இடத்தில் நின்றேன்.

கண்காணிப்பாளர் ஒரு பெண். எந்த நாட்டில் இருந்தாரோ, பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும். அறையைச் சுற்றிக் காட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். வதனி லேப்டாப்பைத் தூக்கி மெல்லச் சுற்ற, வயர் அறுந்துவிடாமல் தவராசா பவர் பேங்கோடு மேசையைச் சுற்றித் தவழ்ந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்ட, சர்க்கரை நோய் உள்ள, லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் சத்தமில்லாமல் அப்படித் தவழ்வதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

முதல் மணி நேரம் நல்லபடியாகப் போனது. வதனியின் விரல்கள் விசைகளில் ஓடும் சத்தத்தை வைத்தே, நன்றாக எழுதுகிறாள் என்று சொல்லிவிடலாம். பிறகு கட்டைவிரல் மரத்துப்போய், தவராசா கை மாற்றினார். மாற்றும்போது மோதிரம் போட்ட விரல்கள் மேசை விளிம்பில் ஏறி நின்றன.

"நிறுத்துங்கள்" என்றது லேப்டாப். "உங்கள் மேசையில் ஒரு கை இருக்கிறதே. அது யாருடையது?"

அந்த நிறுவனத்துக்கு வருடக்கணக்காக ஆமாம் போட்டே பிழைத்தவன் நான். வதனியின் இடத்தில் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு, பரீட்சையையும் முடித்துக்கொண்டிருப்பேன். அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் சொன்னாள்.

"அதுதான் மேடம் என் மின்சாரம். மறைத்தது என் தவறு. ஆனால் அந்தக் கை போனால் நானும் போய்விடுவேன்."

கையின் சொந்தக்காரர் வெளியே வரட்டும் என்றது வெள்ளைச் சுவர். தவராசா விரலை எடுக்காமலே மெல்ல எழுந்தார். நெற்றியில் திருநீறு, தலையில் ஒட்டடை. சந்தனம் பூசிய சாமானையும் கேமராவுக்குக் காட்டினார். இந்த ஆளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டார். தெரிந்தால் அவர் உதவி செய்ததாக ஆகிவிடும். இரண்டு நாளாக என்னிடம் ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் பெருமையாகப் பேசாத மனிதர், ஆங்கிலத்தில் கேட்ட அந்தக் கேள்வியை உடனே புரிந்துகொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினார். அந்தப் பெண் அதைக் கவனித்திருக்க வேண்டும். திரையில் உதடு லேசாகக் கோணியது.

"சரி. அவர் கேமராவில் தெரியும்படி உட்காரட்டும். வாய் மூடியிருக்க வேண்டும். திறந்தால் பரீட்சை முடிந்தது."

அதன்பிறகு தவராசா ஒரு கதிரையில், கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை இருக்கிற மாதிரி நேராக உட்கார்ந்து, விரலை அழுத்திக்கொண்டு, வாயை இறுக மூடியிருந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தது, பொறுத்தார். வாசலில் மீன்காரர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பொறுத்தார். அவர் மனைவி பார்த்திருந்தால் அந்தக் கண்காணிப்பாளருக்குக் கோயில் கட்டியிருப்பார். வதனி எழுதி முடித்து அனுப்பியபோது ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பரீட்சை முடிவு நான் திருச்சிக்குத் திரும்பியபின் வந்தது. அவளுக்கு வேலை கிடைத்தது. மகிழ்ந்தேன், மனைவியிடம் சொன்னேன், இனிப்பு வாங்கினேன். ஆனால் அதற்குள் அது எனக்குப் பழைய செய்தியாகிவிட்டது. விஷயம் அன்று மத்தியானமே, சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிட்டிருந்தது.

வதனி எங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். விளைமீன் குழம்பு, தேங்காய்ப்பூப் போட்ட முருங்கையிலை வறை. போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். கொழும்பு அண்ணன். எப்படி எழுதினாய், சரிவருமா என்று கேட்டார். தெரியாது, நடுவில் ஒரு சிக்கல் வந்தது என்று உள்ளதைச் சொன்னாள்.

"அப்ப என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? சாமானைக் கட்டு. அத்தானும் அங்கதானே நிக்கிறார், நாளைக்கு அவரோட வெளிக்கிடு."

வதனி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"நான் வரேல்லை, அண்ணை. பாஸ் எண்டாலும் பெயில் எண்டாலும் நான் இஞ்சதான் இருக்கப்போறன். இது இல்லாட்டி வேற வேலை பாப்பன்."

கொழும்பில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அண்ணன், உன்னோடு கதைத்துப் பயனில்லை, அத்தானிடம் போனைக் கொடு என்றார். அத்தான் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார் என்றும் சொன்னார்.

வதனி போனைத் தவராசாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். தவராசா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயில் இருந்த சோற்றை விழுங்கினார். இடது கைக் கட்டைவிரல் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

"அத்தான்? நிக்கிறியளோ? அத்தான்?"

வதனி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அத்தான் சாப்பிடுறார், அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டு, அவருக்கு இன்னொரு மீன் துண்டு போட்டாள்.